ஹூப்டிரைவரின் பத்து நாள்: சும்மா சைக்கிள் ஓட்டுவது பற்றி ஒரு வாசிப்பு

சைக்கிளைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் பாதி, வேகத்தைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி தூரத்தைப் பற்றியவை. டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1978இல் எழுதிய ‘தி ரைடர்’ நாவல் முழுக்க ஒரே ஒரு பந்தயம்தான், 137 கிலோமீட்டர். அதன் முதல் பக்கத்திலேயே பந்தயம் ஓட்டாத மனிதர்கள் மேல் கதைசொல்லிக்கு ஒரு பரிதாபம் வந்துவிடும். அயர்லாந்துக்காரர் டெர்வ்லா மர்ஃபி 1963இல் தனியாக சைக்கிளிலேயே டெல்லி வரை வந்தார். அதைப் பற்றிய அவருடைய ‘ஃபுல் டில்ட்’ 1965இல் வந்தது. இரண்டுமே நல்ல புத்தகங்கள், சந்தேகமில்லை. ஆனால் காலையில் ஒரு மணி நேரம், எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாமல், லாரி வராத ஒரு கரையோரமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற ஆளுக்கு இவற்றில் இடம் கிடையாது.

அந்த ஆளுக்கான புத்தகம் எது? இந்தக் கேள்வியோடு சில மாதங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இதில் ஒரு சொந்த அக்கறை உண்டு. தஞ்சாவூரில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மோதுகிற ரோட்டை விட்டுவிட்டு, புது ஆற்றின் கரையில் காலையில் ஓட்டிப் பழகி ஒரு வருஷம் ஆகிறது. வண்டி பழைய 22 இன்ச் கறுப்பு சைக்கிள், கம்பி பிரேக். ரோட்டில் போகும்போது முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதுதான் முழு நினைப்பும். கரையில் அந்த நினைப்பு கழன்றுவிடுகிறது. முதல் வாரத்தில் எனக்குக் கேட்ட புது சத்தம் எது தெரியுமா? என் சைக்கிளின் செயின் சத்தம். இத்தனை வருஷம் ஓட்டியும் அதைக் கேட்டதே இல்லை.

தேடியதில் மாட்டியது எச்.ஜி. வெல்ஸ். ஆமாம், ‘கால இயந்திரம்’ எழுதிய அதே வெல்ஸ்தான். 1896இல் ‘தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்’ என்று ஒரு சின்ன நாவல் எழுதினார். செவ்வாய்க்கிரகவாசிகளுக்கு முன்னால் வந்தது. வெல்ஸை விஞ்ஞானக் கதைக்காரராக மட்டும் வாசித்தவர்கள் பலர் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கதை

லண்டனின் புட்னி பகுதியில் ஒரு ஜவுளிக்கடை. அதில் ஹூப்டிரைவர் ஒரு விற்பனையாள். கவுண்டருக்குப் பின்னால் நின்று துணி எடுத்துப் போடுவது, மடிப்பது, கும்பிடு போடாத குறையாகப் பேசுவது, இதுதான் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் லீவு. ஒரு பழைய சைக்கிளை வாங்கி, விழுந்து விழுந்து கற்றுக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்தில் தெற்குக் கடற்கரையைப் பார்த்துக் கிளம்புகிறான். வழியில் சாம்பல் நிற உடையில் சைக்கிளில் வரும் ஜெஸ்ஸி என்ற இளம்பெண்ணைப் பார்க்கிறான். பார்த்த கணமே கீழே விழுகிறான். அவள் சித்தியின் வீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து ஓடி வந்தவள். கூட வந்தவன் நல்லவன் இல்லை என்று தெரிந்ததும், ஹூப்டிரைவர் அவளை அங்கிருந்து தப்பவைக்கிறான். பிறகு இருவரும் ஊர் ஊராக சைக்கிளில் போக, பின்னால் சித்தியின் கோஷ்டி துரத்த, கடைசியில் அவள் அவள் வீட்டுக்கு, அவன் அவன் கடைக்கு.

காதல் கைகூடவில்லை. புத்தகங்கள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கதை.

வெல்ஸ் எதைச் சரியாகப் பிடித்தார்?

முதலாவது, கால்கள். நாவலின் தொடக்கத்தில் ஜவுளிக்கடைக்காரனின் முகத்தை விட்டுவிட்டு, கவுண்டருக்குக் கீழே மறைந்திருக்கும் கால்களைப் பார்க்கச் சொல்கிறார் வெல்ஸ். சிராய்ப்பும் கன்றிப்போன காயமுமாக இருக்கின்றன. வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை அந்தக் கால்களில் இருக்கிறது. குரங்கு பெடல் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்ட யாருக்கும் இது புரியும்.

இரண்டாவது, மெதுவாகப் போவதன் காரணம். ஹூப்டிரைவர் தத்துவம் பேசி மெதுவாகப் போகவில்லை. அவனுக்கு அவ்வளவுதான் ஓட்டத் தெரியும். திரும்பிப் பார்த்தால் வண்டி ஆடும், இறங்குவதும் ஒரு கலை. இன்றைக்கு ‘மெதுவான வாழ்க்கை’ என்று வகுப்பெடுக்கிறவர்களிடம் இல்லாத ஒரு நேர்மை இதில் உண்டு. அவனுடைய மெதுவில் பெருமை இல்லை, அதனால் வாசிக்கிற நமக்கும் உபதேசம் இல்லை.

இதற்குப் பின்னால் கொஞ்சம் இயற்பியலும் இருக்கு. சைக்கிளில் காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். 10 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதைத் தாண்ட வேண்டிய திறன் எட்டு மடங்கு. 10, 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நம்மை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. நடப்பதற்கு ஆகிற உழைப்பிலேயே நடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் போய்விடலாம். அந்த வேகத்தில் பேசலாம், பாடலாம், மீன்கொத்தியைப் பார்த்து நிற்கலாம். ஹூப்டிரைவரின் தள்ளாட்டம் தற்செயலாக அந்த நல்ல வேகத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது, லீவின் முதல் காலை. வருஷம் முழுக்க வேலை பார்த்து ஒரு சில நாள் மட்டும் விடுபடுகிறவனுக்குத்தான் அந்தக் காலையின் ருசி தெரியும் என்ற பொருளில் ஒரு பத்தி வருகிறது. புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. இங்கே காலக்கணக்கை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1886இல் வந்த கடை நேரச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட கடை ஊழியர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. கவனியுங்கள், 74 மணி நேரம் என்பது சலுகை! பெரியவர்களுக்கு அந்த வரம்பும் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவனுக்குக் கிடைத்த பத்து நாள் இது.

மிட்ஹர்ஸ்ட் என்ற ஊர்

ஹூப்டிரைவர் போகிற வழியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். புட்னி, ரிப்லி, கில்ஃபோர்ட், கொடால்மிங், ஹேஸல்மியர், மிட்ஹர்ஸ்ட், பிறகு கடற்கரை. இதில் மிட்ஹர்ஸ்ட் சும்மா வந்த ஊர் இல்லை.

வெல்ஸே ஜவுளிக்கடையில் பயிற்சியாளாக இருந்தவர். அம்மா சேர்த்துவிட்டார். சவுத்சீயில் இருந்த கடையில் இரண்டு வருஷம் தள்ளினார். 1883இல் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வேலை பார்த்த பெரிய வீட்டுக்கு 17 மைல் நடந்தே போய், இனி என்னால் முடியாது என்று சொன்னார். பிறகு அவருக்கு வேலையும் படிப்பும் சேர்த்துக் கொடுத்த பள்ளிக்கூடம் மிட்ஹர்ஸ்டில்தான் இருந்தது. அங்கிருந்துதான் லண்டனுக்கு, விஞ்ஞானப் படிப்புக்கு, எழுத்துக்கு.

ஆக, தான் தப்பித்த ஊர் வழியாகத் தன் கதாநாயகனை சைக்கிளில் ஓட்டிக்கொண்டு போகிறார் வெல்ஸ். ஆனால் அவனை அங்கே இறக்கிவிடவில்லை. பத்து நாள் முடிந்ததும் கடைக்கே திருப்பி அனுப்புகிறார். விமர்சகர்கள் இதை இனிய நகைச்சுவை நாவல் என்று வகைப்படுத்துவது எனக்கு முழுசாகச் சரியாகப் படவில்லை. தன்னோடு நின்று துணி மடித்தவர்களில் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று தெரிந்த ஒருவர் எழுதிய முடிவு இது.

எங்கே சறுக்குகிறது?

பாதி நாவலுக்கு மேல் துரத்தல் ஆரம்பித்துவிடுகிறது. துரத்தல் வந்ததும் சைக்கிள் வெறும் வாகனமாகிவிடுகிறது. அடுத்த ஊர், அடுத்த விடுதி, கையிலிருக்கும் காசு எத்தனை நாள் தாங்கும், இதுதான் கவலை. முதல் இருபது அத்தியாயத்தில் இருந்த புல்லும் காற்றும் வெயிலும் மங்கிப்போகின்றன. சுகத்தைக் கொஞ்ச நேரம் எழுதலாம், அதற்கு மேல் கதை வேண்டும் என்று வெல்ஸுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

இதே சிக்கல் ஜெரோம் கே. ஜெரோமுக்கும் வந்தது. 1900இல் வந்த ‘த்ரீ மென் ஆன் த பம்மல்’ நூலில் மூன்று நண்பர்கள், இருவர் ஓட்டும் நீளமான சைக்கிள் ஒன்றும் சாதா சைக்கிள் ஒன்றுமாக ஜெர்மனியின் கறுப்புக் காட்டுக்குப் போகிறார்கள். நோக்கமில்லாமல் சுற்றிவிட்டுத் திரும்புவதற்கு ‘பம்மல்’ என்று ஜெர்மானியர் வைத்திருக்கும் சொல்தான் தலைப்பு. (நம்ம பல்லாவரம் பக்கத்துப் பம்மல் இல்லை!) ஆனால் புத்தகத்தில் சைக்கிள் ஓட்டும் பக்கங்களை எண்ணிப் பார்த்தால் ஏமாற்றம்தான். சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் முழிக்கும் ஆளும், சைக்கிள் விளம்பரப் படங்களில் யாருமே மிதிப்பதில்லை என்ற கிண்டலும் அருமை. ஓட்டுகிற சுகம்? அதைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வருகிறார்.

ஏன் இப்படி? சும்மா இருப்பதை எழுதுவது கஷ்டம். தமிழில் இது இன்னும் கஷ்டம். நம்மிடம் ‘ஊர் சுத்துறான்’ என்பது வசவு. நம் ஊரில் சைக்கிள் என்றால் பால்காரர், தபால்காரர், ஐஸ் பெட்டிக்காரர், டியூஷன் போகும் பிள்ளைகள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த ஹெர்குலஸ், 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் மூலம் அம்பத்தூரில் உருவாகி நம் தெருவுக்கு வந்தது. அங்கே லீவு நாளின் வண்டியாகவும் இருந்தது, இங்கே ஏறக்குறைய வேலை நாளின் வண்டி மட்டுமே ஆனது. விதிவிலக்கு ஒன்றுதான், வாடகை சைக்கிள். அரை மணிக்கு 25 பைசா கொடுத்து, கடைக்காரர் நோட்டில் நேரம் எழுதியதும், எங்கேயும் போகாமல் அதே தெருவைப் பத்து தடவை சுற்றினோமே, அதுதான் நமக்குக் கிடைத்த பம்மல்.

அந்த ரோடு இப்போது எங்கே?

ஹூப்டிரைவர் போனது லண்டன் – போர்ட்ஸ்மவுத் ரோடு. ரயில் வந்த பிறகு குதிரை வண்டிப் போக்குவரத்து செத்துப்போய், பெரிய சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த காலம் அது. 1885இல் ஸ்டார்லியின் பாதுகாப்பான சைக்கிள், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர், இரண்டும் வந்து சேர்ந்தபோது ரோடு காலியாக இருந்தது. கார் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த நாவல் நடக்கிறது. ‘பிரதான சாலையை விட்டு விலகிப் போ’ என்று வெல்ஸ் எங்கேயும் சொல்லத் தேவைப்படவில்லை. பிரதான சாலையே அமைதியாகத்தான் இருந்தது.

இன்றைக்கு அதே வழியில் ஏ3 நெடுஞ்சாலை ஓடுகிறது. நாவலைக் கையில் வைத்துக்கொண்டு அதில் ஓட்டினால் வெல்ஸ் எழுதிய எதுவும் கிடைக்காது. அமைதி வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கில்ஃபோர்டுக்குப் பக்கத்திலிருந்து ஷோரம் கடற்கரை வரை ‘டவுன்ஸ் லிங்க்’ என்று சுமார் 59 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. 1960களின் நடுவில் மூடப்பட்ட ரயில் தடம் அது. எந்த ரயில் சாலைகளைக் காலி செய்ததோ, அந்த ரயில் போன பிறகு அதன் தடம் சைக்கிளுக்கு வந்தது. பிரிஸ்டல் – பாத் இடையிலான ரயில் பாதையும் அப்படித்தான். 1979க்கும் 1986க்கும் இடையில் துண்டு துண்டாகப் போடப்பட்ட 13 மைல் பாதை.

இதெல்லாம் தானாக வரவில்லை என்பதுதான் முக்கியம். 1888இல் ஒரு சட்டம் சைக்கிளையும் வண்டி என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் ரோட்டில் அதன் உரிமை உறுதியானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைத் தடங்களில் சைக்கிள் போகலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழி விட வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அமைதியான பாதை இயற்கையின் கொடை மாதிரி தெரியும். அதற்குப் பின்னால் யாரோ நிலத்துக்காகவும் அனுமதிக்காகவும் மல்லுக்கட்டியிருப்பார்கள்.

ஆள் இல்லாத ரோடு யாருக்குச் சுகம்?

இங்கேதான் இன்னொரு கதையைக் கொண்டுவர வேண்டும். கோனன் டாயிலின் ‘தனிமையில் ஒரு சைக்கிள்காரி’ வகைக் கதை ஒன்று, 1903 டிசம்பரில் வெளியானது. ஷெர்லக் ஹோம்ஸிடம் வயலெட் ஸ்மித் என்ற இசை ஆசிரியை வருகிறார். ஃபார்னம் பக்கத்தில் வேலை. வாரக் கடைசியில் சைக்கிளில் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். வழியில் ஒரு பக்கம் பொட்டல், மறுபக்கம் காடு, ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே தாடிவைத்த ஒருவன் சைக்கிளில் இடைவெளி விட்டுத் தொடர்ந்து வருகிறான்.

வெல்ஸின் கதாநாயகன் ஓட்டியதும் இதே சர்ரி மாவட்டம்தான். கதை நடப்பதாக டாயில் சொல்லும் ஆண்டு 1895, ஏறக்குறைய அதே வருஷம். அதே மாதிரி அமைதியான ரோடு. ஹூப்டிரைவருக்கு அது விடுதலை, வயலெட்டுக்கு அது பயம். கதையின் முடிச்சு என்னவென்றால், பின்தொடர்ந்தவன் அவளைக் காப்பாற்றத்தான் வந்தான். ஆனால் நூறு கஜம் தள்ளி சைக்கிளில் வருகிறவன் காவலுக்கு வருகிறானா கெடுதிக்கு வருகிறானா என்று முன்னால் போகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? டாயில் இந்தக் கேள்வியைப் புதிராக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, புதிர் அவிழ்ந்ததும் விட்டுவிடுகிறார்.

என் தங்கையிடம் புது ஆற்றங்கரையைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். “காலையில வா, காத்து எப்படி இருக்கும் தெரியுமா, ஒரு வண்டி வராது” என்றேன். “உனக்கென்ன அண்ணே, நீ போவ. நாலு பேர் நடமாட்டம் இல்லாத இடத்துல நான் எப்படி ஓட்டுறது? எனக்கு மார்க்கெட் ரோடே தேவலை” என்றாள். டாயில் கதையின் மீது நான் வாசித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஜெஸ்ஸிக்கும் இதே நிலைதான். தனியாக வாழப் புறப்பட்டவள் முதலில் ஒருவனை நம்பி ஏமாறுகிறாள், அடுத்து இன்னொருவன் துணையோடுதான் ரோட்டில் போக முடிகிறது. அவளுடைய சைக்கிள் சுகம் எப்படி இருந்தது என்று வெல்ஸ் ஹூப்டிரைவருக்குக் கொடுத்த அளவுக்கு இடம் கொடுத்து எழுதவே இல்லை. நாவலின் பெரிய குறை துரத்தல் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. அவளுடைய முதல் காலை இந்த நாவலில் விடுபட்டுப்போனதுதான் பெரிய குறை.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வரி

அந்த விடுபட்ட காலை எனக்குக் கிடைத்தது வேறு ஒரு நூலில், அதுவும் ஒரு மாலையாக. பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிரவுட்’ நூலில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. 1990களின் தொடக்கம், அறிவொளி இயக்கம், அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பினவர்களும் உண்டு. தண்ணீர் எடுக்க, விளைபொருளை விற்க, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் இருக்க என்று எத்தனையோ பயன்கள்.

அந்தப் பயன்களுக்கு நடுவில் ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார். சொந்தமாக வாங்க வசதியில்லை, அப்போது விலை 1,200 ரூபாய்க்கு மேல். அதனால் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். சைக்கிளில் ஒரு விடுதலை இருப்பதாகச் சொல்கிறார். தண்ணீர்க் குடத்துக்காகவோ சந்தைக்காகவோ அவர் அதை எடுக்கவில்லை. சும்மா ஓட்டத்தான் காசு கொடுக்கிறார். ஹூப்டிரைவரின் பத்து நாளை அரை அரை மணியாகப் பிரித்து வருஷம் முழுக்க வைத்துக்கொண்டவர் என்றுதான் அவரைப் பார்க்கிறேன்.

அவர் தனியாகக் காட்டுப்பாதைக்குப் போக வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கணும். ஊர் முழுக்கப் பெண்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கிண்டலும் ஏச்சும் இருந்தன, ஆனாலும் ஓட்டியவர்கள் எண்ணிக்கை அதிகம். வயலெட்டுக்கும் ஜெஸ்ஸிக்கும் இல்லாதது அந்தக் கூட்டம்தான். லாரி வராத பாதை இருந்தால் மட்டும் போதாது, அதில் பெண்களின் நடமாட்டமும் இருக்க வேண்டும். கரையில் நாலு பெஞ்சு, சில விளக்கு, ஒரு டீக்கடை இருந்தால் என் தங்கையின் பதில் மாறக்கூடும்.

‘தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்’ காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பாதியை நிதானமாக வாசியுங்கள், துரத்தலைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டலாம், கடைசி இரண்டு அத்தியாயத்தை மறுபடி நிதானமாக. பிறகு சாய்நாத்தின் அந்தக் கட்டுரையையும் படித்துவிடுங்கள். தமிழில் சும்மா சைக்கிள் ஓட்டிய சுகத்தை ஒரு பெண் எழுதிய நாவலோ கட்டுரையோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அதைத்தான் அடுத்து வாசிக்க ஆசை.